மாட்டை ஒன்றும் செய்யாத கிருமி பிள்ளையை ஏன் படுக்க வைக்கிறது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு மாடுகள், ஒன்று ஜெர்சி கலப்பு, இன்னொன்று ஆலம்பாடி என்ற நாட்டு இனம். இரண்டும் நன்றாகத் தீனி எடுக்கின்றன, சாணி கெட்டியாகப் போடுகின்றன, காய்ச்சல் கழிச்சல் எதுவும் கிடையாது. ஆனால் மாட்டுக் குடலில் இருக்கும் ஒரு வகை ஈகோலை மனிதக் குடலில் ஒட்டிக்கொண்டால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும் என்று படித்திருக்கிறார். ஒரே கிருமி இரண்டு குடலிலும் எப்படி ஒட்டுகிறது, மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை, நாட்டு மாட்டுக்கும் இது உண்டா, கறந்த சூட்டோடு பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, சாணியைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். கேள்விகள் பலவாக இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: மாடு நன்றாக இருப்பதை வைத்து அதன் பச்சைப்பாலை நம்பலாமா? நம்பக் கூடாது. அதற்கான காரணம் அந்தக் கிருமி ஒட்டுகிற விதத்தில் இருக்கிறது. அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். முதுகலையில் நுண்ணுயிரியல் படித்தேன். அப்புறம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கால்நடை மருந்தகங்களில் பல வருடம் வேலை பார்த்தேன். மாட்டுக் குடலைப் பற்றி உறுதியோடு பேச முடியும். மனிதக் குடலைப் பற்றி ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்வேன். நோயாளிக்கு என்ன மருந்து என்பது பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

முதலில், ஈகோலை என்றாலே பயப்பட வேண்டாம். 1885-ல் எஷ்ஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டு எழுதினார். உங்கள் குடலிலும் என் குடலிலும் இது கோடிக்கணக்கில் இருக்கிறது, பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் தருவதில்லை. நாம் பேசுவது அதில் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. ஷிகா நச்சு என்ற விஷத்தைச் சுரக்கிற ஈகோலைகள் அவை. அவற்றில் பேர் பெற்றது ஓ157:எச்7. 1982-ல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத மாட்டிறைச்சி வடையைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாகப் போனபோதுதான் இது மனித நோய்க்கிருமி என்று தெரிந்தது. அடுத்த வருடமே கனடாவில், குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைச் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இந்த நச்சைச் சுரக்கும் ஈகோலைக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். 1996-ல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது. அங்கே சந்தேகம் விழுந்தது இறைச்சி மேல் இல்லை, முள்ளங்கி முளைகள் மேல்.

சரி, ஒட்டும் வேலைக்கு வருவோம். குடல் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது கீழே போய்க்கொண்டே இருக்கிறது. பிடிமானம் இல்லாத கிருமி ஓரிரு நாளில் வெளியே போய்விடும். அதனால் முதல் கட்டத்தில் தன் மேலிருக்கும் மெல்லிய இழைகளை வைத்துக்கொண்டு லேசாகத் தொற்றிக்கொள்கிறது. நீந்த உதவும் கசையிழைகூட இந்த நேரத்தில் ஒட்டுவதற்கு உதவுகிறது. இந்தப் பிடி தளர்வானது, எளிதில் விட்டுவிடும். இரண்டாவது கட்டம்தான் முக்கியம். கிருமியிலிருந்து ஒரு நுண்குழல் நீண்டு குடல் செல்லின் சவ்வைத் துளைக்கிறது. அதன் வழியாகக் கிருமி தன் சொந்தப் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அதில் ஒன்றின் பெயர் டிர். உள்ளே போன டிர், செல்லின் சவ்வில் போய் உட்கார்ந்து ஒரு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிருமியின் உடம்பின் மேல் இன்டிமின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. அது அந்த டிர் நுனியைப் பிடித்துக்கொள்கிறது.

மேய்ச்சலுக்குப் போன இடத்தில் கட்ட மரம் இல்லை என்றால் நாம் முளைக்குச்சியைக் கையோடு கொண்டுபோய்த் தரையில் அடித்து அதில் மாட்டைக் கட்டுவோம் அல்லவா? இந்தக் கிருமி செய்வது அதேதான். ஒட்டுவதற்கான இடத்தைச் செல் தருகிறதா என்று அது காத்திருப்பதில்லை. முளையை அதுவே கொண்டுவருகிறது. 1997-ல் கனடாவின் வான்கூவரில் பிரெட் ஃபின்லேயின் ஆய்வுக்கூடம் இதை வெளியிடும்வரை, அந்த டிர் புரதம் மனிதச் செல்லுக்கே சொந்தமானது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிருமி தன்னைப் பிடித்துக்கொள்ளும் பொருளைத் தானே எதிராளியின் செல்லுக்குள் செலுத்துகிறது என்பது அதற்கு முன் யாரும் பார்க்காத விஷயம். முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் போகவில்லை.

கட்டிக்கொண்டதோடு அது நிற்பதில்லை. செல்லுக்கு உருவத்தைக் கொடுக்கும் ஆக்டின் என்ற நார்ப்பொருளை டிர் தன் அடியில் வரவழைக்கிறது. அந்த இடத்தில் செல்லின் மேல்பரப்பு மேடாக எழும்புகிறது, அதன் மேல் கிருமி உட்கார்ந்துகொள்கிறது. சத்தை உறிஞ்சுவதற்காகச் செல்லின் மேல் இருக்கும் நுண்விரல்கள் அங்கே அழிந்து தட்டையாகிவிடுகின்றன. இதற்கான மரபணுக்கள் எல்லாம் கிருமியின் மரபுத்தொகுதியில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. சாதுவான ஈகோலையில் அந்தப் பகுதி கிடையாது.

இவ்வளவும் மாட்டுக்கும் மனிதனுக்கும் பொது. இன்டிமினோ டிர்ரோ இல்லாதபடி ஆய்வகத்தில் மாற்றிய கிருமியைக் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது குடலில் சரியாக நிலைக்கவில்லை. அதனால் மாட்டுக் குடலில் தங்குவதற்கும் இதே முளையும் கட்டும் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கே ஒட்டுகிறது என்பதில்தான் மாடு வேறுபடுகிறது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, முப்பது நாற்பது மீட்டர் குடல் இருக்க, இந்த ஓ157 பெரும்பாலும் போய்க் குடியேறுவது ஆசனவாய்க்குச் சற்று உள்ளே இருக்கும் கடைசிச் சில சென்டிமீட்டரில். 2003-ல் ஸ்காட்லாந்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துச் சுவரில் நிணநீர் முடிச்சுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஏன் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிவாகவில்லை. ஆனால் அதன் விளைவு நமக்கு நேரடியாகவே தெரியும்: வெளியே வரும் சாணியின் மேல்பூச்சில் கிருமி நிறைய இருக்கும். எல்லா மாடும் ஒரே அளவில் வெளியேற்றுவதில்லை. ஒரு கிராம் சாணியில் பத்தாயிரத்துக்கும் மேல் கிருமியை வெளியேற்றும் மாடுகள் மந்தையில் சிலவே இருக்கும், ஆனால் சுற்றுப்புறத்தில் சேரும் கிருமியில் பெரும்பங்கு அவற்றுடையது. அந்த மாட்டைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாலும் குறையாது.

மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஒட்டுவதற்கும் நோய் வருவதற்கும் நடுவில் இன்னொரு படி இருக்கிறது, அதுதான் ஷிகா நச்சு. இந்த நச்சு எந்தச் செல்லுக்குள் நுழைய வேண்டுமானாலும் அந்தச் செல்லின் மேல் ஜிபி3 என்ற ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள் இருக்க வேண்டும். நமக்கு அது சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் நிறைய இருக்கிறது. உள்ளே நுழைந்த நச்சு, செல் புரதம் தயாரிக்கும் இயந்திரத்தில் ஒரே ஒரு இடத்தை வெட்டுகிறது. செல் செத்துப்போகிறது, குழாயில் சிறுசிறு ரத்தக்கட்டிகள் சேர்கின்றன, அதில் இடிபட்டுச் சிவப்பணுக்கள் உடைகின்றன, சிறுநீரகம் நின்றுபோகிறது. மாட்டின் ரத்தக்குழாய்களில் இந்த ஜிபி3 இல்லை. குடல் செல்கள் சிலவற்றில் இருந்தாலும், அங்கே நுழையும் நச்சைச் செல் வேறு பக்கம் திருப்பி அழித்துவிடுகிறது. ஆக, கிருமி மாட்டைப் பிடிக்கவில்லை என்பதில்லை. பிடித்திருக்கிறது, விஷத்தையும் சுரக்கிறது, அந்த விஷம் வேலை செய்யும் இடம் மாட்டில் இல்லை. பிறந்து சில நாளே ஆன கன்றுகளுக்கு மட்டும் கழிச்சல் வரக்கூடும்.

நாட்டு மாட்டுக்கும் உண்டா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அசைபோடும் விலங்குகளில் மாடு, எருமை, ஆடு, செம்மறி எல்லாவற்றிலும் இந்த வகை ஈகோலை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஆலம்பாடி என்பதால் விலக்கு கிடைக்கும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை. எனக்கு ஆலம்பாடி மேல் பெரிய மரியாதை உண்டு, பென்னாகரம் மலைப்பக்கம் அதை வைத்துப் பிழைத்தவர்களை நன்றாகத் தெரியும். ஆனால் மாட்டின் மேல் உள்ள மரியாதை அதன் சாணியில் இருக்கும் கிருமியைக் குறைக்காது. தீவனத்தை மாற்றினால் கிருமி போய்விடும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. தானியத்தை நிறுத்தி உலர்புல் போட்டால் அமிலத்தைத் தாங்கும் ஈகோலை குறைகிறது என்று 1998-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதற்கு மூலம். பின்னால் ஓ157-ஐ வைத்துச் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. இதை உறுதியில்லாத விஷயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதக் குடலைப் பற்றிய அறிவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தை அழிக்கக்கூடிய கிருமியை ஒரு மனிதருக்குக் கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடாது. நச்சு சுரக்காத, ஆனால் இதே முளையும் கட்டும் உள்ள இன்னொரு வகை ஈகோலையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் செய்த சோதனை உண்டு. இன்டிமினை நீக்கியதும் அதன் வீரியம் வெகுவாகக் குறைந்தது. ஓ157-ஐப் பொறுத்தவரை வளர்ப்புச் செல்கள், அறுவையில் எடுத்த குடல் துண்டுகள், விலங்குகள் ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்கிறோம். குடல் துண்டுகளில் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில், நிணநீர் முடிச்சுகளை மூடியிருக்கும் செல்களில் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு ரத்தம் வருவது பெருங்குடலிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, நச்சு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. இன்டிமின் இல்லாமலும் பெரிய நோய் வரும் என்பதற்கு 2011-ல் ஜெர்மனியில் நடந்தது சாட்சி. முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஓ104:எச்4 என்ற வகை ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு இந்த முளைக்குச்சி ஏற்பாடே கிடையாது. வேறு வகை இழைகளால் கொத்துக்கொத்தாகக் குடலில் படிந்துகொண்டது. அது மாட்டிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை.

மற்றக் கிருமிகள் பற்றி இரண்டு வரி. சால்மோனெல்லா வெளியே உட்கார்ந்திருப்பதில்லை, செல்லைத் தூண்டிவிட்டுத் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. அது மாட்டையும், முக்கியமாகக் கன்றையும், படுக்க வைக்கும். அதனால் சால்மோனெல்லாவில் பல நேரம் மாடே எச்சரிக்கை கொடுத்துவிடும். ஓ157 கொடுக்காது.

நம் பக்கம் இது எவ்வளவு பெரிய ஆபத்து? அளவோடு பேச வேண்டிய இடம் இது. இந்தியாவில் மாட்டுச் சாணத்திலிருந்து ஷிகா நச்சு கொண்ட ஈகோலையைப் பலமுறை பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஓ157-ஐவிட மற்ற வகைகளே அதிகம் கிடைத்திருக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வந்ததுபோல ஊர்மொத்தமாகப் பரவிய சம்பவங்கள் இங்கே அரிதாகவே பதிவாகியிருக்கின்றன. நாம் பாலைப் பொங்கக் காய்ச்சுகிறோம், கறியைக் குழைய வேகவைக்கிறோம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தேடாததால் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். ஓ157 சார்பிட்டால் என்ற சர்க்கரையைச் சட்டென்று புளிக்க வைக்காது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றும் ஊடகத்தில் அந்தச் சர்க்கரையைக் கலந்து வளர்த்தால் மற்ற ஈகோலைகள் இளஞ்சிவப்பாக வர, இது மட்டும் நிறமில்லாமல் வரும். முதுகலைக் காலத்தில் அந்தத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழகிவிட்டது. ஆனால் சாதாரண ஆய்வகங்களில் வயிற்றுப்போக்கு மாதிரிக்கு இந்த ஊடகத்தைப் போடுவது வழக்கம் இல்லை. இன்னொன்று, நம் ஊரில் குழந்தைகளுக்கு இதே சிறுநீரகக் கோளாறு ஷிகெல்லா என்ற இன்னொரு கிருமியால் வரும் சீதபேதிக்குப் பிறகு வருவது பழைய விஷயம். தென்னிந்தியக் குழந்தைகளிடம் அதைக் கண்டு வேலூர் மருத்துவர்கள் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். நச்சு கிட்டத்தட்ட அதே நச்சுதான். ஷிகெல்லா மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது, மாட்டிலிருந்து வருவதில்லை.

இப்போது பால். இந்த ஈகோலை பாலில் சேர்வது பெரும்பாலும் மடிக்குள்ளிருந்து இல்லை, வெளியிலிருந்து. கட்டுத்தரையில் படுத்த மாட்டின் தொடையிலும் வாலிலும் மடியிலும் சாணி காய்ந்திருக்கும். கறக்கும்போது ஒரு துகள் விழுந்தால் போதும். போதும் என்று சொல்வதற்குக் காரணம், நூறுக்கும் குறைவான கிருமிகளே நோய் உண்டாக்கப் போதுமானவை என்று நோய் பரவிய இடங்களில் கணித்திருக்கிறார்கள். வயிற்று அமிலத்தையும் இது நன்றாகத் தாங்கும். நீங்கள் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, முதல் பீச்சலைக் கீழே விட்டுக் கறந்தால் அளவு குறையும். பூஜ்யம் ஆகாது. காய்ச்சினால் மட்டுமே பூஜ்யம் ஆகும். பால் பதப்படுத்தும் ஆலையில் 72 டிகிரியில் 15 நொடி வைக்கிறார்கள், அதுவே இந்தக் கிருமிக்குப் போதும். வீட்டில் பொங்கவிட்டு இறக்குவது அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே கறந்த சூட்டோடு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் சிறுநீரகம் பாதிக்கும் வாய்ப்பு அதிகம். தயிருக்கும் காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றுங்கள். பச்சைப்பாலில் உறை ஊற்றி, புளிப்பு கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளியும் கொத்தமல்லியும் போடாத வீடு குறைவு. பச்சைச் சாணியைக் கரைத்துக் கொத்தமல்லிக்கு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சாணியிலும் மண்ணிலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையோடு ஒட்டிய பயிருக்கு மக்காத சாணி போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க இயற்கை விவசாய விதி சொல்கிறது. கொத்தமல்லியின் ஆயுளே அதில் பாதிகூட இல்லை. எனவே குழியில் போட்டு, நன்றாகச் சூடேறி, அவ்வப்போது புரட்டி மக்கவைத்த எருவையே போடுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால் கிருமி சாகும். பச்சையாகத் தூவிச் சாப்பிடும் தழைக்கு இது கட்டாயம் என்று நினைக்கிறேன். நெல்லுக்கும் ராகிக்கும் இவ்வளவு கவலை வேண்டாம்.

பிள்ளைக்கு ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஷிகா நச்சு ஈகோலையாக இருந்தால் சில ஆன்டிபயாடிக்குகள் நச்சு சுரப்பதைக் கூட்டும், போக்கை நிறுத்தும் மாத்திரைகள் நச்சை உள்ளேயே தங்கவைக்கும். ஷிகெல்லாவாக இருந்தால் ஆன்டிபயாடிக் தேவை. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. மருத்துவமனைக்கே போக வேண்டும். போக்கு நின்ற பிறகும் ஒரு வாரம் சிறுநீர் அளவைக் கவனியுங்கள். சிறுநீர் குறைவது, முகம் வெளுப்பது, கண்ணைச் சுற்றி வீங்குவது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே போங்கள். வீட்டில் மாடு இருப்பதையும் பச்சைப்பால் குடித்ததையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாட்டுக்கே தடுப்பூசி போட முடியாதா என்று கேட்கலாம். அந்த ஒட்டுப் புரதங்களுக்கு எதிராக ஒரு தடுப்பூசியைச் செய்து 2008-ல் கனடாவில் அனுமதியும் வாங்கினார்கள். பெரிதாக விற்கவில்லை. மாட்டுக்கு நோய் இல்லை, பால் கூடப்போவதில்லை, செலவு மட்டும் மாட்டுக்காரருடையது. பலன் முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்கு. அந்தச் செலவை அரசு ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாகச் சாணிப் பரிசோதனை. வேண்டாம் என்பேன். ஒரே மாடு இந்த வாரம் கிருமியை வெளியேற்றும், அடுத்த வாரம் நிறுத்தும், மறுபடி ஆரம்பிக்கும். ஒருமுறை இல்லை என்று வந்த முடிவை நம்பிப் பச்சைப்பால் குடித்தால் பரிசோதனையே தீங்காகிவிடும். பணம் செலவழிக்கத் தயார் என்றால் இரண்டு மாட்டுக்கும் புருசெல்லாவுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்கள். பச்சைப்பாலில் வரும் நோய்களில் நான் நம் மாவட்டங்களில் அதிகம் பார்த்தது அதைத்தான், மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மனிதரை வாட்டும். கிடேரிக் கன்று இருந்தால் 4 முதல் 8 மாத வயதுக்குள் அதற்கான தடுப்பூசியை அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். ஒருமுறை போட்டால் போதும், காளைக் கன்றுக்குப் போடக் கூடாது.